வெள்ளைக்கல் கிடந்த மேடு

இன்று காலை ஹட்டனுக்குப் போன பஸ், தலவாக்கலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. பெரிய சரிவு இல்லை. ஒரு பெக்கோ மெஷின் மண்ணை அள்ளி ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கொஞ்சம் சுணங்கும்" என்றார். பின்சீட்டில் யாரோ சலித்துக்கொண்டார்கள். நான் ஜன்னலைத் தள்ளித் திறந்தேன்.

வெட்டுப்பட்ட மண்ணின் வாசனை உள்ளே வந்தது. வெயிலையே பார்த்திராத மண், முதல் தடவையாகக் காற்றில் படும்போது வருமே, ஈரமும் இரும்புமாக, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை. எனக்கு அது உன் வாசனை. நீ எவ்வளவு பவுடர் போட்டுக்கொண்டு வந்தாலும் உன் கைப்பையைத் திறந்தால் இதுதான் வரும். சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பிடி மண்ணோ இரண்டு கல்லோ இருக்கும்.

நீ இருந்திருந்தால் கண்டக்டருக்கு முன்னால் இறங்கியிருப்பாய். பெக்கோ ஓட்டுகிறவரிடம், "தம்பி, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வெட்டிய மண்சுவரில் குடைக்கம்பியால் குத்திப் பார்த்திருப்பாய். பஸ்ஸே காத்திருந்திருக்கும். உனக்காக எத்தனை பஸ் காத்திருந்திருக்கிறது!

எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்க்கிற ஜன்னலுக்கு அடித்துப்பிடிப்பார்கள். நீ மட்டும் மலைப்பக்கத்து ஜன்னலைக் கேட்டு வாங்குவாய். "அந்தப் பக்கம் அழகு மட்டுந்தான்டி. இந்தப் பக்கம் கதை இருக்கு" என்பாய். ரோடு போடுவதற்காக வெட்டிய மலையின் உள்வயிறு உனக்கு அப்படி ஒரு கதை. இன்று நானும் மலைப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். பஸ் நின்றிருந்த நேரம் முழுவதும் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ டிக்கோயாவிலிருந்து மாற்றலாகி எங்கள் பாடசாலைக்குப் புவியியல் படிப்பிக்க வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? இடைவேளையில் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, எல்லார் முன்னாலும் நாக்கால் நக்கினாய். சங்கீத டீச்சர் பதறிப்போய், "என்னா டீச்சர் இது, கல்லப் போயி…" என்றார்.

"ஈரமானாத்தான் கல்லு அதோட நெறத்தக் காட்டும். கைக்கெட்டுன தண்ணி இதுதானே" என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பு அதிபர் அறை வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து உனக்குக் 'கல்லு மிஸ்' என்று பெயர்.

அந்தக் கல்லை என் கையில் வைத்தாய். பெருவிரல் நகமளவு. ஒரு பக்கம் மழுங்கி, ஒரு பக்கம் கூராக இருந்தது. "நீங்க வரலாறு டீச்சர்தானே? இது தானா ஒடஞ்சதா, யாராச்சும் ஒடச்சதா, சொல்லுங்க" என்றாய். எனக்குத் தெரியவில்லை. என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த பேரிக்காயை எடுத்து, அந்தக் கல்லால் தோலை மெல்லிசாகச் சீவிக் காட்டினாய். பிளேடு மாதிரி இறங்கியது.

"கத்தி. இரும்பு வர்றதுக்கு ரொம்ப முந்தி செஞ்ச கத்தி. ஒங்க தோட்டத்துக் காத்தாடி மேட்டுல, ஒத்தையடிப் பாதையோரமாக் கெடந்துச்சு."

அதுவரைக்கும் என் வரலாறு அரசர்களோடு தொடங்கும். யார் யாரை வென்றார், யார் எந்தக் குளத்தைக் கட்டினார் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். நீ வந்து, அந்தக் குளம் ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டது என்று கேட்டாய். அடியில் பாறை இறுகி, மேலே களிமண் படிந்து, தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருந்த சமவெளியில்தான் அரசர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்றாய். நம் மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டு போன சரளையில் மாணிக்கக் கல் இருந்ததால்தான் கடல் கடந்து கப்பல்கள் வந்தன. தெற்குச் சரிவுகளில் இரும்பு உருக்கியவர்கள், ஊதுகிறதற்கு ஆள் வைக்காமல், பருவக்காற்று வந்து மோதுகிற முகட்டைத் தேடி உலை வைத்தார்கள். அதற்கும் முன்னால், கடல் வற்றிக் கிடந்த காலத்தில் இந்தியாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், தண்ணீரும் குகையும் இந்த வெள்ளைக் கல்லும் கிடைத்த வழியெல்லாம் ஏறி, குளிரையும் பொருட்படுத்தாமல் மலை உச்சி வரைக்கும் வந்திருக்கிறார்கள். நீ சொல்லச் சொல்ல என் பாடப்புத்தகம் எனக்கே சின்னதாகத் தெரிந்தது. அது எனக்கு அவமானமாக இல்லை. அடைத்துக் கிடந்த கதவொன்று திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

ஒருநாள் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, நீ மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாய். "மதுரப் பக்கத்துப் பாறையும் நம்ம பாறையும் ஒரே வகதான்டி. எப்பவோ ஒண்ணா ஒட்டியிருந்தது. நம்மாளுங்க கப்பல்ல வந்து நடந்து ஏறுறதுக்குக் கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தியே பாறைங்க ரெண்டும் சொந்தக்காரங்க."

அன்று வகுப்புக்குப் போனபோது எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நம்மை எங்கிருந்தோ வந்தவர்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் குனிந்து பழகிய தலை அது.

வாங்க போங்க என்றிருந்த நாம் வாடி போடி ஆனது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. தலவாக்கலை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் புடவைக்கடைக்கு மேலே நீ வாடகைக்கு எடுத்திருந்த அறையில், ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுகொண்டே விடைத்தாள் திருத்திய ஏதோ ஒரு சனிக்கிழமையாக இருக்கும்.

பிறகு காணி வந்தது.

எங்கள் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளான லயத்தை விட்டு வெளியேறத் தனி வீடுகள் கட்டித் தருவதாக முடிவாகி, ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் அளந்து கொடுத்தார்கள். என் கணவர் ஜெயராம் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் தலைவர். அந்த நாளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர். இடம், ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, மெயின் ரோட்டை ஒட்டிய பள்ளம். பஸ் வாசலிலேயே நிற்கும். தண்ணீர் பக்கத்திலேயே ஓடும். பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, பெக்கோ வந்து மண்ணை வெட்டத் தொடங்கியது. என் மகள் ஒரு குச்சியால் தன் அறையை மண்ணில் கீறி வைத்துவிட்டு வந்தாள்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டினேன். நீ முதலில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அப்புறம் வெட்டிய மண்சுவர்ப் பக்கம் போனாய். குடைக்கம்பியால் அங்கங்கே குத்தினாய். மேலே மலையைப் பார்த்தாய். அடிமரம் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்த மரங்களைப் பார்த்தாய். சுவரின் அடியில் கசிந்துகொண்டிருந்த தண்ணீரில் கையை வைத்தாய்.

"என்னாடி?" என்றேன்.

"இந்தக் கல்லுங்களப் பாரு. பெருசும் சிறுசுமா, மூலைக்கு மூல, தாறுமாறா மண்ணுக்குள்ள சொருவிக் கெடக்கு. இதெல்லாம் இங்க இருந்த கல்லு இல்ல. மேலருந்து மண்ணோட சேந்து எறங்கி வந்தது."

"எப்ப?"

"தெரியாது. ஆனா ஒரு தடவ வந்திருக்கு. வந்த பாத அப்படியே இருக்கு."

அன்று சாயங்காலமே எங்கள் லயத்துக்கு வந்தாய். இவர் அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்திருந்தார். நீ சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, அந்த எடம் வேணாம்ணே."

"என்னா டீச்சர் சொல்றீங்க?"

"அது சரிஞ்சு வந்த மண்ணு. மேல இன்னும் மண்ணு இருக்கு. நல்ல மழை புடிச்சா வரும்."

"எப்ப வரும்?"

"அது எனக்குத் தெரியாது. அடுத்த மழையிலயும் வரலாம். நம்ம பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் வராமலும் இருக்கலாம்."

இவர் எழுந்து நின்றுவிட்டார். "எங்க தாத்தா இந்த லயத்துக் காம்பராவுல பொறந்தாரு. எங்கப்பா இந்தக் காம்பராவுலதான் செத்தாரு. மொதத் தடவையா எங்களுக்குன்னு மண்ணு குடுக்கிறாங்க. வேணாம்னு சொன்னா சரின்னு அடுத்த தோட்டத்துக்குக் குடுத்துட்டுப் போயிருவாங்க. அப்பறம் எம்மகளும் இங்கயேதான் கெடக்கணும். வருமோ வராதோன்னு ஒங்களுக்கே தெரியாத ஒண்ணுக்காக நான் எப்படி டீச்சர் வேணாம்னு சொல்றது?"

நான் இடையில் நின்றேன். எனக்கு உன்மேல் நம்பிக்கை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் வார்த்தையும்தான். நீயாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நீ உட்கார்ந்தே இருந்தாய். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னாய்:

"நீங்க சொல்றது நெசம்ணே. வேணாம்னு மட்டும் சொன்னா நாம தோத்துருவோம். இந்த எடம் வேணாம், அந்த எடத்தக் குடுங்கன்னு கேக்கணும். அந்த எடத்த நான் தேடித் தர்றேன். அதுவரைக்கும் பெக்கோவ மட்டும் நிப்பாட்டி வைங்க."

இன்றைக்கும் உன்னை நினைத்தால் முதலில் எனக்கு வருவது அந்தக் கணம்தான். சரியாகச் சொல்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சொன்ன பிறகு வரும் பாரத்தையும் தானே தூக்கிக்கொள்கிறவர்களை அதிகம் பார்த்ததில்லை. இவரும் அதைத்தான் பார்த்தார் போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டே, "சரி, பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீயும் நானும் மலை ஏறினோம். அட்டைக்கடிக்கு நீ காலில் தேய்த்துக்கொண்ட சவர்க்காரம் மழையில் நுரைத்து வழியும். ஒரு இடத்தில் தண்ணீர் இல்லை, ஒரு இடம் பாறைக்கு நேர் கீழே, இன்னொன்றில் நல்ல தேயிலை நிற்பதால் தோட்டம் தராது. கடைசியில் ஒருநாள் மூச்சு வாங்க நின்ற இடத்தில் நீ சட்டென்று என் கையைப் பிடித்தாய்.

"ஏய், நான் ஒரு லூசு! அந்தப் பேரிக்காச் சீவுன கல்லு எங்க கெடச்சுச்சு?"

காத்தாடி மேடு. ஏழாம் நம்பர் மலையிலிருந்து ஒரு தோள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முகடு. காற்று அடித்து அடித்துத் தேயிலை முழங்கால் உயரத்துக்குமேல் வளராது. கொழுந்துக்கு உதவாது என்று விட்டுவிட்டார்கள். மானாப்புல் மண்டிக் கிடந்தது. யாருக்கும் வேண்டாத இடம்.

"நமக்கு முந்தி யாருக்கோ வேணும்னு இருந்திருக்கு" என்றாய்.

ஊர்க்கூட்டத்தைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்தார் இவர். பள்ளத்துக் காணிக்குப் பெயர் விழுந்திருந்த எல்லாரும் கோபத்தோடுதான் வந்திருந்தார்கள். செல்வி அக்கா, இருபது பேர் பேச வேண்டியதை ஒரே ஆளாகப் பேசுகிறவர், கூடையை இறக்கி வைக்காமலே கேட்டார்: "நல்ல எடத்துல இருந்து எங்கள மேட்டுக்குத் தொரத்தப் பாக்குறீங்களா மிஸ்? அங்க நின்னா ஆளையே தூக்கிட்டுப் போயிரும் காத்து."

நீ பாடம் எடுக்கிற குரலில் பேசவில்லை. மடுவத்துத் தராசுக்குப் பக்கத்தில், பலகைமேல் உட்கார்ந்துகொண்டாய்.

"அக்கா, நாம எப்படி இந்த மலைக்கு வந்தோம்?"

"கூட்டியாந்தாங்க, வந்தோம்."

"எதுக்குக் கூட்டியாந்தாங்க?"

"தேயிலைக்கி."

"தேயில எதுக்கு இங்க வந்துச்சு? இந்த மண்ணுக்கு. இந்த மண்ணு எங்கருந்து வந்துச்சு? இந்தப் பாறை மழையில அழுகி அழுகி மண்ணாச்சு. அப்ப நம்மள இங்க கொண்டாந்தது இந்தப் பாறைதான். ஆனா எந்த எடத்துல இருக்கணும்னு யாரு சொன்னது? நம்மளயா கேட்டாங்க? தேயிலைக்கு ஆகாத எடமாப் பாத்து லயத்தக் கட்டி உள்ள விட்டாங்க. இந்த மலைக்கு நமக்கு முந்தி ஆளுங்க வந்திருக்காங்க அக்கா. அவங்கள யாரும் கூட்டிட்டு வரல. தாங்களா வந்தாங்க. சுத்திப் பாத்து, தண்ணியப் பாத்து, கல்லப் பாத்து, காத்தப் பாத்து எடம் புடிச்சாங்க. நாமளும் ஒரே ஒரு தடவ அப்படிப் பாப்போமே. பாத்துட்டு வேணாம்னா விட்டுருங்க."

செல்வி அக்கா கூடையை இறக்கி வைத்தார். "தோண்டிப் பாக்கணுமா? மண்வெட்டி கொண்டாரச் சொல்லு" என்றார்.

மறுநாள் காத்தாடி மேட்டில் ஒரு குழி வெட்டினோம். மேலே கறுப்பு மண். அதைச் சீவியதும், முழங்கால் ஆழத்தில், வெள்ளை வெள்ளையாகக் கல் துண்டுகள் தெரிந்தன. நீ குழிக்குள் இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு, பல் துலக்கும் பிரஷால் மண்ணைத் தட்டினாய். கல்லெல்லாம் பரத்தி வைத்த மாதிரி ஒரே மட்டத்தில் படுத்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாக அழுகிய பாறை. அதன் பழைய வரிகள் பட்டுச்சேலைக் கரை மாதிரி, எங்கேயும் அறுபடாமல் ஓடின.

"பாருங்க. இந்த மண்ணு நகந்திருந்தா இதெல்லாம் வாரிக் கொட்டுன மாதிரி கலஞ்சு கெடக்கும். பள்ளத்துல பாத்தோமே, அப்படி. இங்க, அவங்க ஒடச்சுப் போட்ட அன்னைக்கு எப்படி விழுந்துச்சோ அப்படியே கெடக்கு."

"எத்தன வருசம் இருக்கும் மிஸ்?"

"ஆயிரக்கணக்குல. சரியாச் சொல்ல எனக்குத் தெரியாது, அக்கா."

"காத்துக்கு என்னா பண்ணுனாங்க?"

"அதத்தான் சொல்ல வந்தேன். முகட்டுக்கு இந்தப் பக்கம் மட்டுந்தான் கல்லு இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணு இல்ல. காத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

செல்வி அக்கா எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றார். முந்தானை படபடவென்று அடித்தது. திரும்பி இந்தப் பக்கம் வந்து நின்றார். முந்தானை அடங்கியது. "கெட்டிக்காரங்கதான்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

இவர் சிரிக்கவில்லை. குழிக்குள் இறங்கி, ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எடுக்காமல் விட்டார். "அப்ப இவங்கதான் மொதல்ல வந்தவங்க" என்றார்.

"ஆமாண்ணே."

இவர் மேலே ஏறி வந்து, கைமண்ணைத் தட்டிக்கொண்டே, "ரோட்ட நாங்க வெட்டிக்குவோம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

மண்சரிவு பார்க்கிற அரசாங்க அதிகாரி ஒருவரை நீதான் விடாமல் கூப்பிட்டு வரவழைத்தாய். உன் வயதுதான் அவருக்கும் இருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கியதும் நீ சிங்களத்தில் தொடங்கினாய். பள்ளத்தில் நின்று இரண்டு பேரும் கையைக் கையை நீட்டிப் பேசினீர்கள். மேட்டில் ஏறியதும் அவர் குழிக்குள் இறங்கி ஒரு கல்லை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நாக்கால் நக்கினார். நீ கைதட்டிச் சிரித்தாய். கருவிகள் வைத்துப் பார்த்துவிட்டு, பள்ளத்தில் கட்டக் கூடாது என்றும், மேட்டில், கல் அதிகம் கிடந்த மூலையை மட்டும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு விட்டுவிட்டு மற்ற இடத்தில் கட்டலாம் என்றும் எழுதிக் கொடுத்தார். போகும்போது உன் தோளைத் தட்டி, "ஹொந்தய் டீச்சர்" என்று சிங்களத்திலேயே பாராட்டினார். கொழுந்து விளையாத நிலம் என்பதால் தோட்டத்து நிர்வாகமும் மறுக்கவில்லை. ரோடு வெட்ட மட்டும் யாரும் வரவில்லை. சிரமதானம் வைத்து நாங்களே வெட்டினோம். நீ ஒவ்வொரு வாரமும் வந்து தட்டுத் தட்டாக மண் சுமந்தாய்.

எல்லாரும் மேட்டுக்கு வந்துவிடவில்லை. கோபத்தில் லயத்திலேயே நின்றுவிட்டவர்களும் இருந்தார்கள். பஸ் எடுக்க இறங்கி ஏறும்போதெல்லாம் உன்னைத் திட்டியவர்களும் இருந்தார்கள். உன் காதிலும் விழும். "காலு வலிக்குதுல்ல, திட்டத்தான் செய்வாங்க" என்பாய். எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய அன்று வாசலில் நின்று, தூரத்தில் தெரிந்த மலையை எல்லாம் பார்த்துவிட்டு, "அவங்களும் இதத்தான் பாத்திருப்பாங்க, இல்லடி?" என்றாய். உனக்கு நான் தந்த பால் சூட்டில் நாக்கு வெந்துபோனதும் நினைவிருக்கிறது.

அப்புறம் உனக்கு வயிற்றில் வலி வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரி, பிறகு கண்டி. திரும்பி வந்தபோது சேலை உன்மேல் நிற்கவில்லை. டிக்கோயாவில் உன் அண்ணன் வீட்டில் படுத்திருந்தாய். நான் போகும்போதெல்லாம் பாடசாலைக் கதை கேட்பாய். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அந்தப் பள்ளம் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. புல்லு வளந்து மாடு மேயுது. ஆளுங்க கேலி பண்றாங்க, கல்லு மிஸ் சொன்ன மண்ணு இன்னும் வந்து சேரலன்னு."

"வராமலே இருக்கட்டும்டி. நான் சொன்னது சரின்னு ஆகணும்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. வராமலே இருந்தா, ஒங்களயெல்லாம் சும்மா மேடு ஏத்தி எறக்குனதுக்கு நான் திட்டு வாங்கிக்கிறேன். அது சின்ன விசயந்தானே."

அதுதான் நீ என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசி நாள். உன்னை எடுத்துக்கொண்டு போனபோது எங்கள் மேட்டிலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்தார்கள். திட்டியவர்களும் வந்தார்கள். செல்வி அக்கா அழவில்லை. உன் தலைமாட்டில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் "எங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நீ போன பிறகுதான் அந்தப் பெருமழை வந்தது. நாள்கணக்கில் விடாத மழை. ஒரு காலை நேரம், நான் அடுப்படியில் நின்றேன். தரைக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது. வெளியே ஓடினோம். ஏழாம் நம்பர் மலையின் நெற்றி பிளந்து, தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே இறங்கி வந்துகொண்டிருந்தன. மரங்கள் நடந்து வருகிற மாதிரி இருந்தது. பள்ளம் நிரம்பி, ரோடு மறைந்து, சேறு ஆற்றைத் தொட்டு நின்றது. என் மகள் குச்சியால் கீறி வைத்த அறை இருந்த இடத்தில் ஒரு வீட்டளவு பாறை உட்கார்ந்திருந்தது.

எங்கள் காலடி அசையவில்லை.

உன்னை மெச்சவும் யாருக்கும் வாய் வரவில்லை. பயம் அப்படி. இவர் மட்டும் ஓரத்தில் போய் நின்று பார்த்தார். தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி நின்றார். "டீச்சர்" என்றார். திரும்பி வந்தவர், ஆண்களைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடினார். லயத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, ஆனால் அதற்கு மேலே நிலம் வெடித்திருந்தது. அங்கே நின்றுவிட்ட எல்லாரையும், பிள்ளைகள், வயசானவர்கள், கோழிகள் உட்பட, நாங்கள் வெட்டிய அதே ரோட்டில் மேலே ஏற்றினார்கள். மழை விடும்வரை ஒவ்வொரு வீட்டிலும் மூன்று குடும்பம் இருந்தது. அடுப்புக்கு விறகு ஈரம். பருப்புக் கறி ஒன்றுதான். ஆனால் எல்லாரும் இருந்தோம்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது, இன்று நான் எங்கே போனேன் என்பது. நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மழையில் லயம் இழந்தவர்களுக்குப் புதுக் காணி காட்டியிருக்கிறார்கள். எங்கள் கதையைக் கேள்விப்பட்டு இவருக்குப் போன் செய்து, "அந்த டீச்சர அனுப்பி வைங்க" என்று கேட்டார்களாம். இவர் உன்னைப் பற்றிச் சொன்னதும், "அப்ப அவங்க கூட்டாளிய அனுப்புங்க" என்றார்களாம். அப்படித்தான் ஒரு வரலாறு டீச்சர் மண் பார்க்கப் புறப்பட்டாள்.

எனக்குக் கல்லைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். நீ எவ்வளவு சொல்லியும் பாதி ஏறவில்லை. ஆனால் அன்று எங்கள் காம்பராவில், கண் கலங்கியும் எழுந்து போகாமல் நீ உட்கார்ந்திருந்தாயே, அது என்னோடு வந்திருக்கிறது. எங்கே போனாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

பஸ் தாமதமாகி, பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். ஆட்கள் வெயிலில் காத்திருந்தார்கள். என் வயதுப் பெண் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கயிறு கட்டிய நாலு முளைக்கு நடுவில் நிறுத்தினார். "இதுதாங்க மிஸ் எங்க அடுப்படி. இந்தப் பக்கம் ஜன்னல். எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவருக்குப் பின்னால், சரிவின் அடியில், வெட்டிய மண் ஈரமாக இருந்தது.

அவருடைய கையை விடாமல் சொன்னேன்: "அக்கா, எனக்கு எல்லாம் தெரியாது. தெரிஞ்ச ஆளக் கூப்பிட்டு வரலாம். அதுக்கு முந்தி, இந்த மலைக்கு மேல என்னா இருக்குன்னு நாம ஏறிப் பாத்துட்டு வந்துருவோம். வேற நல்ல எடம் எதுன்னும் பாப்போம். வர்றீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஈரமண்ணைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் ஏறத் தொடங்கினார்.